மேமியோ சம்பந்திக்கு வெந்நீர்

"வருதா?" என்று பின்சந்திலிருந்து கத்தினார் பீர் முகைதீன்.

"வருது!" என்று குளியலறையிலிருந்து பதிலுக்குக் கத்தினாள் மதீனா பீவி.

"சூடா வருதா?"

"கறுப்பா வருது!"

பீர் முகைதீன் கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே ஓடினார். குழாயிலிருந்து விழுந்துகொண்டிருந்த தண்ணீர் அவருடைய கடை டீயை விடக் கறுப்பாக இருந்தது. மோந்து பார்த்தார். புது ரோடு போடும்போது வருமே, அந்த வாசனை.

"பாசில்! என்ன டிரம்டா அது?"

"நல்ல கெட்டி டிரம், காக்கா. தார் டிரம்" என்றான் பாசில், சந்திலிருந்து பெருமையாக.

ரங்கூனில், தாமுவே மார்க்கெட்டுக்குப் பின்புறம், முன்னால் டீக்கடையும் பின்னால் வீடுமாக இருந்த அந்தக் கட்டடத்தில் இதற்குமுன் யாரும் வெந்நீரில் குளித்தது கிடையாது. குளிக்கவேண்டிய அவசியமும் வந்ததில்லை. அதுவும் ஏப்ரல் மாதத்தில், தலையில் ஊற்றிய பச்சைத்தண்ணீரே கால் போய்ச் சேர்வதற்குள் காய்ந்துவிடுகிற ஊரில், வெந்நீருக்குக் குழாய் போடுகிறவனைப் பைத்தியம் என்றுதான் சொல்வார்கள். பீர் முகைதீன் பைத்தியம் இல்லை. பெண்ணைப் பெற்றவர்.

அவருடைய மகள் தஸ்லீமாவுக்கு மலைமேல் இருக்கும் மேமியோவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பையன் பெயர் நசீர், கம்பளி வியாபாரம். மண்டலேயில் ஒரு கல்யாண வீட்டில் தஸ்லீமாவும் அவனும் ஒருவரையொருவர் பார்த்திருக்கிறார்கள். "நிக்காஹ் பண்ணினா அவங்களைத்தான் பண்ணுவேன் உம்மா, இல்லாட்டி என்னை விட்டுடுங்க" என்று அவள் அழுத்தமாகச் சொல்லிவிட்டாள். நசீருடைய தாயார் ஃபக்ருன்னிசா வீட்டைப் பார்க்க வந்து மூன்று நாள் தங்கப்போகிறார். அவர் தலையசைக்கவேண்டும். அதுதான் பாக்கி.

தலையசைப்பு என்பது லேசான விஷயம் அல்ல என்று மதீனா பீவிக்குத் தெரியும். போன வருஷம் மோல்மேனிலிருந்து வந்த ஒரு தாயார், கரண்ட் போன நேரத்தில் இதே குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு நேராகிவிட்டது. சம்பந்தம் நேராகவில்லை.

அதனால் தரகர் காஜா மைதீன் வந்து உட்கார்ந்ததும் அவள் முதலில் கேட்ட கேள்வி, "அந்தம்மாவுக்கு என்ன பழக்கம், என்ன பிடிக்கும், ஒண்ணு விடாம சொல்லுங்க" என்பதுதான்.

காஜா மைதீன் டீயைச் சாஸரில் ஊற்றி ஆற்றினார். "தங்கமானவங்க. ஒண்ணும் கேக்க மாட்டாங்க. வெந்நீர் ஒண்ணுதான்."

"வெந்நீரா? இந்த வெயில்லயா?"

"உடம்புக்கு வெயிலா தெரியும்? பழக்கம்தான் தெரியும். மேமியோ குளிர்ல பொறந்து வளர்ந்தவங்க. பச்சைத்தண்ணி பட்டா மூணு நாளைக்கு எந்திரிக்க மாட்டாங்க."

"அவ்வளவுதானே? கடை அடுப்புல ராத்திரி பகலா தண்ணி கொதிக்குது. ஒரு வாளி தூக்கிட்டுப் போய் வச்சாப் போச்சு" என்றார் பீர் முகைதீன்.

காஜா மைதீன் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "காக்கா, வாளியில கொண்டுபோய்க் கொடுத்தா அவங்களுக்கு அனாடே வந்திரும். 'ஐயோ, எனக்காகவா'ன்னு வேணாம்னுருவாங்க. குளிக்காமலே ஊருக்குப் போயிருவாங்க. அங்க அவங்க வீட்ல குழாயைத் திருகினா வெந்நீர் வருது. வெளியில ஒரு டிரம், அடியில விறகு, அதிலேருந்து பைப்."

இந்த அனாடே என்பது பர்மாவில் பிறந்த எல்லாருக்கும் உள்ள வியாதி. அடுத்தவருக்குச் சிரமம் கொடுக்கக் கூசுவது, அடுத்தவர் மனம் நோகக்கூடாது என்று தன் வாயைக் கட்டிக்கொள்வது. பசிக்கிறவன் "சாப்பிட்டேன்" என்பான். நாலு தலைமுறையாக அங்கேயே இருந்த நம்மவர்களுக்கும் அது பிடித்துக்கொண்டது. நம்முடைய விருந்து உபசாரமும் அதனோடு சேர்ந்துகொண்டதில் வியாதி முற்றிவிட்டது.

"கரண்டுல ஓடுற ஹீட்டர் இருக்கே" என்றாள் மதீனா பீவி. சொன்ன வாய் மூடுவதற்குள் மின்விசிறி நின்றது. தாமுவேயில் அந்த 2003-ஆம் வருஷம் கரண்ட் என்பது தூரத்து உறவுக்காரர் மாதிரி. வருவார். எப்போது வருவார், எவ்வளவு நேரம் இருப்பார் என்று கேட்கக்கூடாது.

"விறகுதான் நம்பிக்கை" என்றார் காஜா மைதீன். "என் மச்சான் பாசில் இருக்கான். அஞ்சு வருஷம் கப்பல்ல இருந்தவன். பாய்லரைத் தினம் பார்த்தவன்."

கப்பலிலிருந்து இறங்கிய பாசில் அன்றுவரை காஜா மைதீன் வீட்டில்தான் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மச்சானாயிற்றே, போகச் சொல்லவும் முடியவில்லை. அங்கேயும் அனாடே.

ஆக, தார் டிரம்.

"இப்ப என்னடா பண்றது?" என்றார் பீர் முகைதீன்.

"ஒண்ணும் பயப்படாதீங்க காக்கா. தாரை எரிச்சுட்டாப் போச்சு."

எரித்தான். தாமுவே மார்க்கெட்டின் மேல் அன்று மழைமேகம் கூடியதென்று சிலர் துணிகளை உள்ளே எடுத்தார்கள். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் இருமிக்கொண்டே எழுந்து எதிர்க்கடைக்குப் போனார்கள். சாயங்காலம் வரை சோடாவும் மணலும் போட்டுத் தேய்த்ததில் டிரம் வெளுத்தது, பாசில் கறுத்தான்.

மறுநாள் மறுபடியும் செங்கல் மேடையில் டிரம்மை ஏற்றி, அடியில் விறகு மூட்டி, குழாயைத் திறந்தார்கள்.

"வருதா?"

"வெள்ளையா வருது!"

"சூடா?"

பதிலாக ஓர் அலறல் வந்தது. மதீனா பீவி விரலை வாயில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "இதுல கோழியை முக்கினா இறகு உரிஞ்சிரும். பச்சைத்தண்ணிக் குழாய் எங்க? கலந்து ஊத்தவேண்டாமா?"

பாசில் தலையைச் சொறிந்தான். "அந்தப் பைப்பைத்தானே, லாத்தா, வெந்நீருக்கு மாத்தியிருக்கேன்."

"அப்ப பச்சைத்தண்ணி?"

"வீட்ல ஒரு பைப்புதானே இருந்துச்சு."

பீர் முகைதீனுக்கு முதல்முறையாக ஒரு சந்தேகம் வந்தது. "பாசில், கப்பல்ல நீ என்ன வேலை பார்த்தே?"

"பண்டாரி, காக்கா."

"பண்டாரின்னா, சமையல்காரன்ல?"

"ஆமா. பாய்லர் ரூமுக்குத் தினம் சாப்பாடு கொண்டுபோவேன். நல்லாப் பார்த்திருக்கேன்."

இந்த இடத்தில் வேறொருவராக இருந்தால் வேலையை நிறுத்தியிருப்பார். ஆனால் மேமியோ பஸ் அதற்குள் புறப்பட்டுவிட்டது. விடிந்தால் ஃபக்ருன்னிசா வந்து இறங்கிவிடுவார். பாதி ஆறு நீந்தியவன் திரும்பி நீந்தி என்ன பயன்?

"ஆத்தணும், அவ்வளவுதான்" என்றான் பாசில். "சூடான தண்ணி வர்ற குழாயைக் குளிர்ந்த தண்ணிக்குள்ள நாலு சுத்துச் சுத்தி விட்டோம்னா, இதமா வரும். சோத்துக் கஞ்சியை நான் அப்படித்தான் ஆத்துவேன்."

பழைய ஏசிக் கடையிலிருந்து செம்புக் குழாய் வந்தது. அதைப் பாம்புபோலச் சுருட்டி, ஒரு பெரிய மண்தொட்டிக்குள் இறக்கி, தொட்டி நிறையக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, வெயில் படாமல் இருக்க மேலே ஈரச்சாக்கைப் போட்டு மூடினான். டிரம்மிலிருந்து தொட்டிக்கு ஒரு குழாய், தொட்டியிலிருந்து குளியலறைக்கு ஒரு குழாய். தண்ணீர் இதமாகவே வந்தது. பீர் முகைதீன் பாசிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு கோ தவுங் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தான். டிரம்மைப் பார்த்தான், நெருப்பைப் பார்த்தான், சுருட்டிய செம்புக் குழாயைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு புன்னகை மெல்லப் பரவியது.

"கோ பீர், உங்களை என்னமோன்னு நினைச்சிருந்தேன்" என்றான் பர்மியத்தில். "எப்பத் தயாராகும்?"

"நாளைக்குக் காலையிலேயே."

"எனக்கும் கொஞ்சம் கிடைக்குமா?"

"இதென்ன கேள்வி? பாத்திரத்தை எடுத்துக்கிட்டு வாங்க" என்றார் பீர் முகைதீன் தாராளமாக. பாவம், அவனுக்கு மூட்டுவலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஃபக்ருன்னிசா மறுநாள் காலையில் வந்தார். ஒல்லியான, வெளுத்த, அதிகம் பேசாத அம்மா. கூட ஒத்தாசைக்கு சைதா என்று ஒரு பெண். பஸ்ஸில் வெந்துபோய் இறங்கிய இருவரையும் மதீனா பீவி சலாம் சொல்லி வரவேற்று, தேங்காய்ப்பால் சர்பத் கொடுத்து, "குளிச்சிட்டு வந்து சாப்பிடலாம். வெந்நீர் தயாரா இருக்கு" என்றாள்.

ஃபக்ருன்னிசாவின் முகம் ஒரு நொடி மாறியது. "எனக்காக எதுக்கும்மா சிரமம்? எனக்கு எந்தத் தண்ணியா இருந்தாலும் சரி."

அனாடே! காஜா மைதீன் சொன்ன அதே அனாடே. மதீனா பீவி இதற்குத் தயாராகத்தான் இருந்தாள்.

"உங்களுக்காகவா? நல்லாச் சொன்னீங்க! எங்க வீட்ல எல்லாருக்குமே வெந்நீர்தான். இவங்களுக்கு வெந்நீர் ஊத்தாட்டிச் சோறே இறங்காது."

பீர் முகைதீனுக்குச் சர்பத் புரையேறியது.

"ஆமா, கேள்விப்பட்டேன்" என்று முணுமுணுத்த ஃபக்ருன்னிசா, துண்டை எடுத்துக்கொண்டு, பரீட்சைக்குப் போகிறவர் மாதிரி குளியலறைக்குப் போனார்.

முதல் இரண்டு குவளை இதமாகத்தான் விழுந்திருக்கும். பாசிலின் கணக்கில் ஒரே ஒரு விஷயம் விட்டுப்போயிருந்தது. தொட்டிக்குள் இருந்த குளிர்ந்த தண்ணீர், குழாயை ஆற்றி ஆற்றித் தானும் கொதிக்க ஆரம்பித்துவிட்டது. உள்ளேயிருந்து "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு "யா அல்லாஹ்" என்று கேட்டது.

"எவ்வளவு அனுபவிச்சுக் குளிக்கிறாங்க பாருங்க" என்றாள் மதீனா பீவி நெகிழ்ந்துபோய்.

வெளியே வந்தபோது ஃபக்ருன்னிசா சிவந்திருந்தார். "நல்லா... சூடா இருந்துச்சு" என்றார். பிறகு பீர் முகைதீனைப் பார்த்து, "நீங்க போகலியா?" என்று கேட்டார்.

மனைவியின் கண்கள் அவர் முதுகைத் தள்ளின. உச்சி வெயிலில், உள்ளே நின்றால் மூச்சு முட்டும் அந்த அறையில், பீர் முகைதீன் தன் மகளுக்காக வெந்நீரில் குளித்தார். பிறகு மதீனா பீவி குளித்தாள். பிறகு தஸ்லீமா போனாள். திரும்பி வந்து தாயின் காதில், "உம்மா, நிக்காஹ் ஆகிறதுக்குள்ள நான் வெந்து சோறாயிடுவேன்" என்றாள்.

"வாயை மூடு. நசீர் வேணுமா வேணாமா?"

தஸ்லீமா தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று சாயங்காலம் ஃபக்ருன்னிசா ஜன்னலோரம் நெற்றியில் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தார். பிரியாணியைப் பாராட்டினார், தஸ்லீமாவின் தையலைப் பாராட்டினார், சம்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளும் அப்படியே. காலையில் ஒரு குளியல், சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்னால் ஒரு குளியல், பிறகு ஜன்னல், ஈரத்துணி, மௌனம்.

பீர் முகைதீன் கடைக்குள் போய்ப் பானைத்தண்ணீரை இரகசியமாகத் தலையில் கவிழ்த்துக்கொள்ளப் பார்த்தார். மதீனா பீவி பிடித்துவிட்டாள்.

"அவங்க பார்த்தா என்ன நினைப்பாங்க? ஊரை ஏமாத்துற குடும்பம்னு நினைக்க மாட்டாங்க?"

"நாம ஏமாத்தத்தானே செய்றோம்?"

"அது அவங்களுக்குத் தெரியக்கூடாது!" அவள் குரல் சட்டென்று உடைந்தது. "ரெண்டு நாளாச்சு. இன்னும் ஒண்ணும் சொல்லலியே. தண்ணி அவங்களுக்குச் சூடு பத்தலையோ என்னமோ. இந்தச் சம்பந்தமும் போச்சுன்னா என் பிள்ளை மனசு தாங்காதுங்க."

பீர் முகைதீனால் மனைவியின் அழுகையைத் தாங்க முடியாது. மூன்றாம் நாள் காலையில் அவரே சந்துக்குப் போய் விறகைத் திணித்தார். விறகு போதவில்லை என்று கடையிலிருந்த உடைந்த முக்காலிகளைப் போட்டார். பிறகு உடையாத ஒன்றையும் உடைத்துப் போட்டார். டிரம் உறுமியது. ஈரச்சாக்குக்குக் கீழிருந்து ஆவி பொங்கிச் சந்து முழுக்கப் பரவியது. வேலிக்கு அந்தப்புறம் கோ தவுங், இன்னும் இரண்டு நண்பர்களோடு, ஆளுக்கொரு காலிப் பாட்டிலுடன் காத்திருந்தான்.

அப்போதுதான் வார்டுத் தலைவர் ஊ போ தெய்ன் வந்தார்.

அவர் நல்ல மனிதர். பீர் முகைதீன் கடையில்தான் தினமும் டீ குடிப்பார். அதனாலேயே அவர் முகத்தில் அன்று அவ்வளவு வருத்தம் இருந்தது. டிரம்மைச் சுற்றி ஒருமுறை நடந்தார். சாக்கைத் தூக்கிச் செம்புச் சுருளைப் பார்த்தார். பாட்டில்களைப் பார்த்தார்.

"கோ பீர், உங்களைப் பள்ளிவாசல்ல முன்வரிசைல நிக்கிற ஆளுன்னு நினைச்சேன்" என்றார். "எத்தனை நாளா சாராயம் காய்ச்சுறீங்க?"

பீர் முகைதீன் கையிலிருந்த விறகைக் கீழே போட்டார். "சாராயமா? ஐயோ! வெந்நீருங்க! குளிக்கிற வெந்நீர்!"

ஊ போ தெய்ன் வானத்தைப் பார்த்தார். வெயில் தகதகவென்று எரிந்தது. சந்து முனையில் பையன்கள் மறுநாள் ஆரம்பிக்கப்போகும் திஞ்ஜான் தண்ணீர்ப் பண்டிகைக்காக, போகிறவர் வருகிறவர் தலையில் இப்போதே பச்சைத்தண்ணீரை வாளி வாளியாகக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த ஏப்ரல் மாசத்துல வெந்நீரா? சாராயம்னே சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பேன்."

"சத்தியமா வெந்நீருங்க! கோ தவுங், நீயாவது சொல்லேன்!"

"எனக்கும் கொஞ்சம் தர்றேன்னு சொன்னார்" என்றான் கோ தவுங், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு.

பாசில் மெல்ல நழுவிச் சந்து முனையில் மறைந்தான். மதீனா பீவி வாசலுக்கு ஓடி வந்தாள். வேலிக்கு மேலே தலைகள் முளைத்தன. இந்தப் பேச்சு இன்று மத்தியானத்துக்குள் தாமுவே முழுக்கப் பரவும், சாயங்காலத்துக்குள் பள்ளிவாசலுக்குப் போகும், மேமியோ போகும். மகளின் கல்யாணம் அந்தத் தொட்டிக்குள் கரைந்துபோவதை பீர் முகைதீன் கண்ணெதிரே பார்த்தார்.

குளியலறைக் கதவு திறந்தது.

ஆவி முதலில் வந்தது. பின்னாலேயே, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வேகவைத்த இறால்போல் சிவந்து ஃபக்ருன்னிசா வந்தார். மூன்று நாளாக அவர் இவ்வளவு உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை. அதுவும் சுத்தமான பர்மியத்தில் பேசினார்.

"சாராயம் இல்லைங்க. வெந்நீர்தான். மூணு நாளா நான்தான் குளிக்கிறேன். என் முகத்தைப் பாருங்க."

ஊ போ தெய்ன் பார்த்தார். அவருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

"இவங்க என் சம்பந்தி" என்று தொடர்ந்தார் ஃபக்ருன்னிசா. "வர்றவங்களுக்காக உசிரைக் கொடுக்கிறவங்க. சாராயம் காய்ச்சுற வீட்லயா நான் பொண்ணு எடுப்பேன்?"

மதீனா பீவி சுவரைப் பிடித்துக்கொண்டாள். சம்பந்தி! உள்ளே தஸ்லீமா கையிலிருந்த தட்டு விழுந்து உருண்டது. பீர் முகைதீனுக்குக் கண்ணில் நீர் வந்தது. ஆவியால்தான் என்று அவர் பிறகு சொல்லிக்கொண்டார். ஊ போ தெய்ன் மன்னிப்புக் கேட்டு, ஒரு ஸ்ட்ராங் டீ குடித்துவிட்டுப் போனார். கோ தவுங்கும் நண்பர்களும் ரொம்பவும் மனமுடைந்து கலைந்தார்கள்.

அன்று மத்தியானம் பேச்சு முடிந்தது. ரமலானுக்கு முன்னால் மேமியோவில் கல்யாணம். பெண் வீட்டார் எல்லாரும் ஒரு வாரம் முன்னாலேயே வந்து தங்கவேண்டும் என்று ஃபக்ருன்னிசா பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். பீர் முகைதீன் அந்த மகிழ்ச்சியில் பாசிலைத் தேடிப் பிடித்து, "நீயும் கல்யாணத்துக்கு வரணும்டா" என்றார்.

"அதுக்கு முன்னாடியே அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கு காக்கா" என்றான் பாசில், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

சாயங்கால பஸ்ஸுக்கு வழியனுப்ப எல்லாரும் தெருவுக்கு வந்தார்கள். சந்து முனையில் திரும்பியதும், பண்டிகைப் பையன்களில் ஒருவன், ஆள் யார் என்று பாராமல், ஐஸ் போட்ட ஒரு வாளித் தண்ணீரை ஃபக்ருன்னிசாவின் தலையில் அப்படியே கவிழ்த்துவிட்டான்.

"ஐயோ!" என்று அலறினாள் மதீனா பீவி. "அவங்களுக்குப் பச்சைத்தண்ணி ஒத்துக்காதேடா! ஏங்க, ஓடுங்க, துண்டு!"

பீர் முகைதீன் ஓடினார். ஆனால் ஃபக்ருன்னிசா நகரவில்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, கண்களை மூடிக்கொண்டு, முகமெல்லாம் ஒளியாக நின்றார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு அந்தப் பையனை நோக்கி, இன்னொரு வாளி என்று விரலைக் காட்டினார்.

மதீனா பீவி பையனைத் தடுக்கப் பாய்ந்தாள். சைதா மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"விடுங்க மாமி, இப்பவாவது குளிக்கட்டும். மேமியோ பனியிலயே பச்சைத்தண்ணிதான் அவங்களுக்கு. நீங்க எல்லாரும் வெந்நீர் இல்லாட்டிக் குளிக்க மாட்டீங்கன்னு காஜா மைதீன் மாமா சொன்னதாலதான் மூணு நாளா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தாங்க. ஆனா நீங்க கல்யாணத்துக்கு வரும்போது ஒரு குறையும் இருக்காது மாமி, கொல்லையில டிரம் ஏத்தியாச்சு, பண்டிகை முடிஞ்சதும் பைப் மாட்ட அவரோட மச்சான் பாசிலே வர்றாராம்!"